கைப்பிடியை விட்டவள்

எனக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. இப்போது வெளியே தெரிபவை கழற்றி மாட்டுகிற பல். நிஜப் பற்களை முப்பது வருஷத்துக்கு முன்னால் தெருவில் தண்ணீர் அடிக்கிற அடி பைப்பின் கைப்பிடி தட்டிக்கொண்டு போய்விட்டது. கைப்பிடி மேல் எனக்குக் கோபம் இல்லை, அது வெறும் இரும்பு. அதைப் பிடித்திருந்தவள் கையை விட்டாள். அவள் மேல்தான் கோபம். அந்தக் கோபத்தை நான் ஒரு நாளும் ஆறவிட்டதில்லை. காலையில் பல் செட்டைக் கழுவி மாட்டும்போது அவளை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெருவின் ஒரு முனையில் நிலம் உள்ளவர்களின் வீடுகள், மறுமுனையில் அந்த நிலங்களுக்குக் கூலிக்குப் போகிற எங்கள் வீடுகள். பஞ்சாயத்தில் போட்ட பைப்பு நடுத்தெருவில் வந்திருக்க வேண்டும். எப்படியோ அவள் வீட்டு வாசலுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. அவள் வீட்டுக் குடங்கள் நிறைந்த பிறகுதான் மற்றவர்கள் குடம் வைக்க முடியும். அவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள், புருவத்துக்கடியில் ஒரு மச்சம் இருக்கும். யாரும் கொடுக்காமலே பைப்படி அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டவள். "ஏய், உன் கொடத்த அப்பால நவுத்துடி" என்று சொல்லிக்கொண்டே காலால் தள்ளுவாள்.

அந்தப் பைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கைப்பிடி ஒரு நீளமான இரும்புத் தண்டு. பைப்பின் தலையில் இருக்கிற பெட்டிக்குள் அது ஒரு அச்சில் ஆடும். அச்சுக்கு வெளியே நாம் பிடிக்கிற பக்கம் நாலடி நீளம். உள்ளே சங்கிலி தொங்குகிற பக்கம் அரையடிகூட இருக்காது. சங்கிலியில் ஒரு கம்பி, அந்தக் கம்பி ஆழத்தில் இருக்கிற வாஷர் வரைக்கும் போகும். வெளியே கையை மூன்றடி இறக்கினால் உள்ளே சங்கிலி அரைச் சாண்தான் ஏறும். ஆனால் அந்த அரைச் சாணில், பத்து வயசுப் பெண்ணால் நேராகத் தூக்கவே முடியாத கம்பியும் தண்ணீரும் மேலே வந்துவிடும். நம் கை நிறைய தூரம் போகிறது, அதற்குப் பதிலாகப் பலம் கிடைக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன். முகப்பில் ஒரு சின்ன இரும்பு மூடி உண்டு. அதை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கும். தீபாவளி நெருங்கினால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் போல்ட் மேல்தான் கண். ஒரு நட்டுக்குள் தீக்குச்சி மருந்தைச் சுரண்டிப் போட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டை முறுக்கி, பாறையில் ஓங்கி வீசினால் வெடிக்கும். பெரிய போல்ட் என்றால் பெரிய சத்தம். அப்பாவின் சைக்கிள் ஸ்பேனரை எடுத்துப்போய் நானும் ஒரு தீபாவளிக்குப் பைப்பு போல்ட்டைக் கழற்றினேன். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. மூடி எருக்குழிக்குப் போனது. அதன்பிறகு என் முறை வரும்வரை, திறந்த பெட்டிக்குள் சங்கிலி ஏறி இறங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் வந்தபோது வாத்தியார் படம் போட்டு முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

சம்பவம் நடந்தது தீபாவளி கழிந்த ஒரு வாரத்தில். அவள் அடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது என் குடம். தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணி நழுவிக் கைப்பிடிக்குக் கீழே விழுந்தது. கைப்பிடி கீழே இறங்கியிருந்தது, அவள் கை அதன் மேல் இருந்தது. பிடித்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில் கைப்பிடிக்கு மேலாகக் குனிந்தேன்.

விட்டாள்.

கையை விட்டால் என்ன ஆகும் என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. உள்ளே கம்பியின் கனம் சங்கிலியைக் கீழே இழுக்கும். உள்ளே அரைச் சாண் இறங்கினால் வெளியே கைப்பிடி மூன்றடி ஏற வேண்டும், அதுவும் அதே கண் சிமிட்டும் நேரத்தில். நாம் அழுத்தும்போது எது பலமாக இருந்ததோ அதுவே விட்டவுடன் வேகமாகிவிடுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, வாயில் உப்பு ருசியும் மண்ணில் இரண்டு பல்லும் மட்டுமே. அவளும் கத்தினாள். என் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து கத்துகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா வேலை செய்துகொண்டிருந்த வயலிலிருந்து ஓடிவந்தாள். பைப்பு முழுக்க ரத்தம். அவளைக் காணோம், அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா தெருமண்ணை இரண்டு கையாலும் வாரி அந்தக் கதவில் தூற்றினாள். "எம்பொண்ணு பல்ல ஒடச்சிட்டு உள்ள பூந்துகினியா? வெளிய வாடி!" என்று கத்தினாள். யாரும் வரவில்லை. மறுநாள் விசாரித்தால் அவளைச் சேலத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், இனி அங்கேயேதான் படிப்பாம். தப்பு செய்யாதவள் எதற்கு ஊரைவிட்டு ஓட வேண்டும்? வேணும்னேதான் விட்டாள் என்று அம்மா சொன்னாள். எனக்கு அதில் துளிச் சந்தேகமும் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த போகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அவர்கள் வயலில் வேலையும் நின்றது.

அதற்குப் பிறகு நான் பொக்கை. வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிட்டார். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடுகிற பழக்கம் வந்தது. சின்னசேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா ஏதோ கேலி பேச, நான் மறந்துபோய்ச் சிரித்துவிட்டேன். காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்ப வரவில்லை. நல்ல பையன். எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரமே நான் பிராது கட்டினேன். விருத்தாசலம் பக்கத்து முருகன் கோயிலில் அது எங்கள் பக்கத்து வழக்கம். போலீசிலும் பஞ்சாயத்திலும் தீராததை வெள்ளைத்தாளில் மனுவாக எழுதி, சுருட்டி, நூலால் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். சாமி விசாரித்துக்கொள்வார். தகராறு தீர்ந்தால் மறுபடி போய், பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதிக் கட்ட வேண்டும். அதையும் பிராது கட்டியவர்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிராது நின்றுகொண்டே இருக்கும். நான் எழுதியது இதுதான்: வேண்டுமென்றே என் பல்லை உடைத்தவளுக்கு அவள் வாயிலேயே பதில் சொல்லவும். பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் தெளிவாக எழுதினேன். சாமி ஆளை மாற்றிப் பிடித்துவிடக் கூடாது அல்லவா?

பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். பல் கட்டிக்கொள்ள ஒரு பல் டாக்டரிடம் போனவள், உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டேன். டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். "பல்லைப் பிடுங்கறதுன்னு ஜனங்க சொல்றாங்கக்கா. பிடுங்கறது எங்க இருக்கு? நெம்பறதுதான்" என்பார். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சின்ன உளியைச் செருகி, எலும்பு விளிம்பில் ஊன்றி, மெல்லத் திருப்புவார். பல் தானாக மேலே எழும்பும். அதற்கப்புறம் குறடால் எடுப்பது சும்மா ஒரு சம்பிரதாயம். அதைப் பார்த்த முதல் நாளே எனக்கு அடி பைப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே எல்லாமே அடி பைப்பின் சொந்தக்காரர்கள்தான். காலால் மிதித்தால் மூடி திறக்கிற குப்பைத் தொட்டி இருந்தது. மிதிக்கிற பட்டையின் மறுமுனை தொட்டிக்கடியில் மேலே எழும்பும், அது பின்பக்கக் கம்பியைத் தள்ளும், கம்பி மூடியின் காதைத் தூக்கும். ஒன்று இன்னொன்றிடம் சொல்லி வேலை வாங்குகிற ஏற்பாடு. நகவெட்டி, கத்தரிக்கோல், ஸ்கூட்டி பிரேக், வீட்டில் மாமியாரின் பாக்குவெட்டி, எதைப் பார்த்தாலும் மூன்று இடத்தைத் தேடுவேன். அழுத்துகிற இடம், கனம் இருக்கிற இடம், இரண்டையும் தாங்குகிற இடம். கீல் பக்கத்தில் பாக்கை வைத்தால் தூளாகும், நுனியில் வைத்தால் கைதான் வலிக்கும். மாமியாருக்கு இதை விளக்கப் போய் ஒருமுறை நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு கல்வராயன்மலைக்கு முகாம் போவோம். வேனில் மருந்து, உளிகள், குறடுகள், அந்தக் குப்பைத் தொட்டி எல்லாம் ஏறும். கிளினிக் நாற்காலி ஏறாது. மலையில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் வேலை. அதில் தலை சாய்க்க இடம் கிடையாது. நான் பின்னால் நின்றுகொண்டு ஆளின் தலையை என் வயிற்றோடு அணைத்து, இரண்டு கையாலும் தாடையைக் கீழிருந்து தாங்கிக்கொள்வேன். கீழ்ப்பல்லை நெம்பும்போது டாக்டரின் பலமெல்லாம் தாடையைக் கீழே தள்ளும். தாங்குகிற கை நழுவினால், காதுக்கு முன்னால் இருக்கிற கீல் கழன்று, திறந்த வாய் மூடாமல் நின்றுவிடும். பல பேருக்குத் தாங்கியிருக்கிறேன். ஒருமுறைகூட நழுவியதில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிறு, சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கன்னம் வீங்கிய ஒரு பெண் வந்து நின்றாள். இடது கையைப் புடவை முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊர் என்ன என்று கேட்டேன். "இப்ப இங்கதாங்க்கா, கட்டிக் குட்த்தது மலையில. பொறந்தது கீழ" என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரையும் சொன்னாள். பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். புருவத்துக்கடியில் அதே மச்சம். நான் முகமூடி போட்டிருந்தேன், அவளுக்கு என் கண் மட்டும்தான் தெரிந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமிக்குத் தபால் மெதுவாகத்தான் போய்ச் சேரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்க் கடைவாய்ப் பல். ஊசி போட்டு மரத்த பிறகு அவள் தலை என் வயிற்றில் சாய்ந்தது. முப்பது வருஷமாக நான் தேடிய தலை. தாடை என் உள்ளங்கையில் இருந்தது.

"கெட்டியா புடிச்சிக்குங்க்கா, வுட்டுடாதீங்க. எனுக்கு ரொம்ப பயமா கீது" என்றாள்.

யாரிடம் யார் சொல்கிறாள் பார் என்று என் ரத்தம் கொதித்தது. டாக்டர் உளியைச் செருகி அழுத்தினார். தாடை என் கையில் கனத்தது. கையை விட்டால் போதும், நான் எதையும் செய்ய வேண்டியதே இல்லை. அவளும் அன்றைக்கு எதையும் செய்யவில்லையே, விட்டாள், அவ்வளவுதானே? விரல்களைத் தளர்த்தினேன். தெரிந்தேதான் தளர்த்தினேன். தாடை சரிந்தது, காதோரம் டக்கென்று ஒரு சத்தம், அவள் கண் இரண்டும் அகலமாகி என்னை அண்ணாந்து பார்த்தன. "அக்கா, பிடிங்க!" என்று டாக்டர் கத்தினார். பிடித்தேன். இரக்கப்பட்டுப் பிடிக்கவில்லை, அவர் கத்தியதால் பிடித்தேன். பல் வந்தது. கீலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அவளைத் தாழ்வாரத்தின் கடைசியில் உட்காரவைத்து, நான் எதிரில் உட்கார்ந்தேன். முகமூடியைக் கழற்றினேன். பிறகு பல் செட்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து நன்றாக ஈறு தெரியச் சிரித்தேன். தெரிந்தே, கையால் மூடிக்கொள்ளாமல் நான் சிரித்த பொக்கைச் சிரிப்பு அது ஒன்றுதான்.

"என்னத் தெரியிதா? உன் வூட்டாண்ட பைப்புல பல்ல உட்டுட்டுப் போனவ" என்றேன்.

தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனாள்.

"தொறக்காத. பஞ்சு வந்துடும், ரத்தம் நிக்காது. கம்முனு கேளு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொக்கை என்று கூப்பிட்டவர்களின் பட்டியலைச் சொன்னேன். பாதியில் வைத்த காபி டம்ளரைச் சொன்னேன். அப்பாவுக்கு நின்றுபோன வேலையைச் சொன்னேன். பிராது கட்டியதைச் சொன்னேன். "இப்ப உன் வாயிலயே பதில் வந்துச்சா?" என்று கேட்டேன். அவள் தலையைத் தலையை ஆட்டினாள், கண்ணில் நீர் ஓடியது, தொண்டைக்குள் ஏதோ முனகினாள். "இன்னா மொனவுற? பேச முடியலியா? நானும் ஒரு மாசம் பேச முடியாமதாண்டி கெடந்தேன்" என்றேன். இவ்வளவு இனிப்பான ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை. மறைக்காமல் சொல்கிறேன், ஒவ்வொரு நிமிஷத்தையும் ருசித்தேன்.

அவள் முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணுவுக்கு மேல் இல்லை. வலது கையால் கைப்பிடியை அழுத்துவதுபோல் காட்டி, அந்த இரண்டு விரலையும் நசுக்கிக் காட்டினாள். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரிய வேண்டாம் என்றும் இருந்தது.

நேரம் முடிந்து பஞ்சைத் துப்பிய பிறகு பேசினாள். பாதி உதடு மரத்திருந்ததால் வார்த்தை குழறியது.

"உன் சும்மாடு வுழுந்ததே எனுக்குத் தெரியாது. பெட்டியில மூடி இல்ல. சங்கிலி திக்கித் திக்கிப் போச்சா, எடது கைய உள்ள வுட்டுத் தள்ளிக்கினே அடிச்சேன். உள்ள இருந்த இரும்பு மேல ஏறி ரெண்டு வெரலயும் நசுக்கிட்ச்சி. எந்தக் கைய இழுத்தேன், எந்தக் கைய வுட்டேன், ஒண்ணுந் தெரில."

"இத்தினி வருசமா யாருமே சொல்லலியே?"

"எப்பிடிச் சொல்லுவாங்க? பொண்ணுக்கு வெரல் இல்லன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்னு எங்கம்மா வாயத் தொறக்கக் கூடாதுன்ட்ச்சி. அன்னிக்கே சேலத்துக்கு இட்டுகினு போய்ட்டாங்க. கடசில இன்னா? மூடி வச்சும் ஒருத்தனும் வர்ல. இங்க மலையில மளிகக்கடக்காரருக்கு ரெண்டாந்தாரமா குட்த்தாங்க."

பைப்பு முழுக்க இருந்த ரத்தத்தை எல்லாரும் என்னுடையது என்றுதான் நினைத்திருந்தோம். எங்கள் அம்மா மண் தூற்றியபோது சாத்தின கதவுக்கு உள்ளே ஆள் இல்லை. பின்கட்டு வழியாக அவளை வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மேல எனுக்கு இன்னா கோவம்? நீ திட்னது நாயந்தான். ஆனா அந்த போல்ட்ட கழட்டிக்கினு போனான் பாரு எவனோ, அவன நான் வுடல. நானும் அதே கோயில்லதான் பிராது கட்டியிருக்கேன். பேரு தெரியாதே, அதான் 'மூடிய கழட்டுனது யாரோ அவங்க நாசமாப் போவணும்'னு எழுதிக் கட்னேன். சாமிக்குத் தெரியாதா யாருன்னு? உன் பல்லும் அவனாலதான் போச்சு. நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி கட்டியிருக்கணும்" என்றாள்.

நான் பல் செட்டை மாட்டிக்கொண்டேன். அதன் மேல் முகமூடியையும் போட்டுக்கொண்டேன். டாக்டர் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து போனேன். மலையிறங்கும்போது வேனில் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பாவின் சைக்கிள் ஸ்பேனர் எப்படிக் கைக்குள் அடங்கியது, முதல் சுற்றில் போல்ட் எப்படி முரண்டு பிடித்தது, ஸ்பேனரின் நுனியைப் பிடித்து அழுத்தியதும் எப்படி இளகியது, எல்லாம் கைக்கு ஞாபகம் இருந்தது. ஸ்பேனரும் நெம்புகோல்தான். அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் விருத்தாசலம் போய் ராஜினாமா எழுதிக் கட்டினேன். வேல் முழுக்க யார் யாரோ கட்டிய தாள்கள் சுருள் சுருளாகத் தொங்கின. நான் எழுதிய பிராது எப்போதோ மட்கிப்போயிருக்கும், அவள் எழுதியதும்தான். ஆனால் என்னுடையது முடிந்துவிட்டது, அவளுடையது நிற்கிறது. அதை என்னால் எடுக்க முடியாது. கட்டியவள்தான் வந்து எடுக்க வேண்டும். யார் மேல் கட்டினோம் என்று தெரியாமல் அவள் எதை எடுப்பாள்? காலையில் பல் செட்டைக் கழுவும்போது இப்போதும் திட்டத்தான் செய்கிறேன். கண்ணாடியைப் பார்த்துத் திட்டுகிறேன்.

ஒவ்வொரு முகாமுக்கும் அவள் வருகிறாள். பல்லுக்காக அல்ல, என்னைப் பார்க்க. கடையிலிருந்து கடலை உருண்டை கொண்டுவந்து கொடுத்து, கடிக்க முடியுதா என்று என் வாயையே பார்ப்பாள். நான் முகமூடியை இறக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். போன முறை இன்னொரு கடைவாய்ப் பல்லைக் காட்டினாள். வருகிற ஞாயிறு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ புடிச்சிக்கினா எனுக்கு பயமில்ல" என்றாள்.

இந்த முறை கை தளராது, அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால், ஊசி போடுவதற்கும் முன்னால், முகமூடி இல்லாமல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து போல்ட் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பஞ்சை வைத்த பிறகு சொல்லக் கூடாது. அவளுக்குத் திட்ட வாய் வேண்டும்.